பின்வளைவு வகுப்பை வீட்டில் செய்ய எது சரி: வீடியோவா, நேரலையா, சொந்தப் பயிற்சியா?

யோகாவில் சக்ராசனத்தில் (மல்லாந்து, கையையும் காலையும் ஊன்றி உடம்பை வில்லாகத் தூக்குவது) ஏறி நிற்கும்போது கண்ணுக்குத் தெரிவது தலைக்குப் பின்னால் இருக்கும் சுவரும் கொஞ்சம் தரையும்தான். உஷ்ட்ராசனத்தில் (முட்டிபோட்டுப் பின்னால் வளைவது) தலையைத் தொங்கவிட்டாலும் அதே கதை. தனுராசனத்தில் (குப்புறப் படுத்துக் கணுக்காலைப் பிடித்து எழுவது) எதிரே ஒரு முழம் தரை தெரியும், அவ்வளவுதான். எதிலும் நம் இடுப்பு நமக்குத் தெரியாது. முன்னால் திறந்து வைத்த லேப்டாப்பும் தெரியாது. முன்னால் குனியும் ஆசனங்களில் முழங்கால் மடங்கினால் நாமே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பின்வளைவில் பிழை நடப்பது முதுகில். அங்கே நமக்குக் கண் இல்லை.

அதனால், கடுமையான பின்வளைவு வகுப்பை வீட்டில் எப்படிச் செய்வது என்று யார் கேட்டாலும், எந்த மேட், எந்த நேரம் என்பதற்கெல்லாம் முன்னால் நான் கேட்பது இதைத்தான்: நீங்கள் பார்க்க முடியாதபோது உங்களை யார் பார்க்கப் போகிறார்கள்? கீழே ஒப்பிடும் எல்லா வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

கடுமையானது என்று நான் சொல்வது, புஜங்காசனம் மூன்று முறை, சேதுபந்தாசனம் இரண்டு முறை என்று முடிந்துவிடும் வகுப்பை இல்லை. ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஓடும். சக்ராசனம் நான்கைந்து முறை வரும். அப்புறம் கபோதாசனமோ (முட்டிபோட்டுப் பின்னால் வளைந்து கையால் பாதத்தைப் பிடிப்பது), நின்றபடியே பின்னால் சாய்ந்து தரையில் கை ஊன்றுவதோ உச்சமாக வரும். ஆசனங்களை மாறாத வரிசையில் செய்யும் அஷ்டாங்க யோக முறையில் இரண்டாம் வரிசை பழகுகிறவர்களுக்கு இது தெரிந்த பாதை. சலபாசனம், பேகாசனம், தனுராசனம், பார்சுவ தனுராசனம், உஷ்ட்ராசனம், லகு வஜ்ராசனம் என்று படிப்படியாக ஏறி, கபோதாசனத்தில் போய் நிற்கும்.

வளைவு எங்கிருந்து வருகிறது

முதுகெலும்பு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி வளைவதில்லை. கழுத்தில் 7 எலும்புகள், மார்புப் பகுதியில் 12, கீழ் முதுகில் 5. அந்த 12 எலும்புகளோடும் விலா எலும்புகள் கோத்திருக்கின்றன. அந்த முதுகெலும்புகளின் பின்முனைகள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். பின்னால் வளைத்தால் சீக்கிரமே ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். கீழ் முதுகில் இந்தத் தடை இல்லாததால் அது சட்டென்று விட்டுக்கொடுத்துவிடும். இடுப்பு மூட்டோ கறாரானது. அதன் முன்பக்கத்தில் இருக்கிற தசைநார் உடம்பிலேயே மிக வலுவானது; தொடையைப் பின்னால் 10 முதல் 20 டிகிரிக்கு மேல் அது போக விடுவதில்லை.

தோள் திறக்கவில்லை, மார்பு எழவில்லை, முன்தொடை இளகவில்லை என்றால், மொத்தச் சுமையும் கீழ் முதுகின் கடைசி இரண்டு மூன்று எலும்புகளின் தலையில் வந்து விழும். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்கிறவர்களுக்கும் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுகிறவர்களுக்கும் இந்த இடத்து எலும்பில் மெல்லிய விரிசல் விழுவதை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பின்னால் வளைவதும் முறுக்குவதும்தான் காரணம். யோகாவில் அந்த வேகம் இல்லை என்றாலும், ஒரே இடத்தில் மடிகிற பிழை அதேதான்.

எனக்கு இது உறைத்தது ஒரு படத்தைப் பார்த்தபோது. பல மாதங்களாக வாரம் மூன்று நாள் ஒரே பதிவு வகுப்பை, அதாவது முன்பே எடுத்து வைத்த வீடியோவைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். உற்சாகமாகத்தான் இருந்தது. வலப்பக்கக் கீழ் முதுகில் மட்டும் ஒரு கிள்ளல் வரும், மறுநாள் காலை எழும்போது கொஞ்சம் பிடிக்கும், பிறகு போய்விடும். ஒருநாள் போனைப் பக்கவாட்டில், தரையோடு, நான்கு புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்து உஷ்ட்ராசனத்தைப் பதிவு செய்தேன். தொடை நேராக நிற்கவில்லை, பின்னால் சரிந்திருந்தது. கீழ் விலா முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. இடுப்புக்கு இரண்டு விரல் மேலே ஒரே ஒரு ஆழமான மடிப்பு. அதற்கு மேலே மார்பு ஒரு பலகை போல நேராக இருந்தது. வில்லாக வளைகிறேன் என்று நினைத்திருந்தேன். படத்தில் இருந்தது மடித்த அட்டை. அத்தனை மாதமும் திரையில் இருந்த ஆசிரியர் 'மார்பைத் தூக்குங்கள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூக்குவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவு வகுப்பு

பெரும்பாலானவர்கள் தொடங்குவது இதில்தான். அதில் தவறில்லை. நேரம் நம் கையில் இருக்கிறது, நிறுத்தி நிறுத்திச் செய்யலாம், யாரும் பார்க்கவில்லை என்கிற நிம்மதியும் உண்டு. புதிதாக ஒரு வரிசையைக் கற்றுக்கொள்ள, ஒரு நல்ல ஆசிரியர் எதற்குப் பிறகு எதை வைக்கிறார் என்று புரிந்துகொள்ள, இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் பார்க்க ஆள் இல்லை. அதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: நாம் திரையைப் பார்க்க முயல்வோம். சலபாசனத்தில் குப்புறப் படுத்து மார்பு தூக்கியிருக்கும்போது, 'அடுத்து என்ன செய்கிறார்' என்று கழுத்தை ஒருபக்கம் திருப்பிப் பார்ப்போம். பின்னால் வளைந்த கழுத்தை அதே நேரத்தில் திருப்புவது கழுத்துக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. வகுப்பு முடிந்தபின் பலருக்குக் கழுத்து பிடித்துக்கொள்வதற்கு ஆசனத்தைக் குற்றம் சொல்கிறோம். இப்படி எட்டிப் பார்த்ததுகூடக் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் எண்ணிக்கை. ஆசிரியர் ஐந்து மூச்சு நிற்பார். பல வருடம் பழகிய உடம்பு அது. நம்முடைய மூன்றாவது மூச்சிலேயே முழங்கை அகன்று, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். திரையில் இருப்பவர் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார், நாமும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். கெட்டுப்போன வடிவத்தில் நின்ற அந்த இரண்டு மூச்சுதான் மறுநாள் வலியாக வரும்.

பதிவு வகுப்பையே தேர்ந்தெடுத்தால் நான் சொல்வது: முதல் நாள் செய்யாதீர்கள். உட்கார்ந்து முழுதும் பாருங்கள், ஒரு தாளில் வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஆழமான ஆசனத்துக்கு முன்னால் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது தோளுக்கும் முன்தொடைக்கும் கொடுத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். கால் மணி நேரத்துக்குள் சக்ராசனத்துக்குப் போகிற வகுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். முடிவில் முறுக்கு ஆசனங்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆழமான பின்வளைவிலிருந்து நேராகப் பஸ்சிமோத்தானாசனத்தில், அதாவது நீட்டிய காலின் மேல், கவிழ்ந்து படுக்கச் சொல்கிற வகுப்புகள் இருக்கின்றன. முதுகு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அப்படித் தாவ விரும்பாது. மறுநாள் செய்யும்போது திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, குரலை மட்டும் கேளுங்கள். பின்வளைவைப் பொறுத்தவரை படத்தைவிட ஒலிதான் உதவி. சொல்லால் புரியவைக்கத் தெரிந்த ஆசிரியர் யார், செய்து மட்டும் காட்டுகிறவர் யார் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

நேரலை வகுப்பு

இங்கே ஒரு ஜோடிக் கண் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கண்ணுக்கு எதைக் காட்டுகிறோம் என்பது நம் பொறுப்பு. பலரும் போனை மேட்டின் தலைமாட்டில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் சக்ராசனத்தில் ஆசிரியருக்குத் தெரிவது உள்ளங்கையும் தலைமுடியும்தான். கேமரா பக்கவாட்டில் இருக்க வேண்டும், மேட்டிலிருந்து இரண்டரை மீட்டராவது தள்ளி, முழங்கால் உயரத்தில். நின்றாலும் படுத்தாலும் முழு உடம்பும் சட்டத்துக்குள் வரவேண்டும். வெளிச்சம் கேமராவின் பக்கமிருந்து வரட்டும். பின்னால் ஜன்னல் இருந்தால் வெறும் நிழலுருவம்தான் போய்ச் சேரும். தொளதொளவென்ற சட்டை முதுகின் மடிப்பை மறைத்துவிடும் என்பதால் உடம்போடு ஒட்டிய உடை நல்லது.

எத்தனை பேர் வகுப்பில் இருக்கிறார்கள் என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். திரையில் முப்பது கட்டங்கள் இருந்தால் அது பதிவு வகுப்புக்குச் சமம்தான். ஆறேழு பேர் என்றால் ஆசிரியர் பெயர் சொல்லித் திருத்துவார். தனியாக ஒருவருக்கு மட்டும் என்றால் மாதம் இரண்டு முறை வைத்துக்கொண்டாலே பெரிய மாற்றம் தெரியும்.

நேரலைக்கும் ஓர் எல்லை உண்டு. திருத்தம் ஒன்றிரண்டு நொடி தாமதமாக வந்து சேரும். 'குதிகாலை அழுத்துங்கள்' என்பது காதில் விழும்போது நாம் இறங்க ஆரம்பித்திருப்போம். முக்கியமாக, அவரால் நம்மைப் பிடிக்க முடியாது. அதனால் ஏற்கெனவே தெரிந்த ஆசனத்தைச் செம்மைப்படுத்த இது மிக நல்ல வழி. பயமுறுத்தும் புது ஆசனத்தை முதல்முறை தொடுவதற்கு ஏற்றதில்லை.

சொந்தப் பயிற்சி, சுவரும் நாற்காலியும் துணையாக

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மைசூரில் யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்ற இருவர் இதற்கு இரண்டு வழிகளைக் காட்டிப் போயிருக்கிறார்கள். பட்டாபி ஜோயிஸ் (1915–2009) கற்பித்த அஷ்டாங்க முறையில் வரிசை மாறாது. மாணவர் அதை மனப்பாடமாகச் செய்வார். ஓர் ஆசனம் கைவந்த பிறகுதான் அடுத்தது கிடைக்கும். பி.கே.எஸ். அய்யங்கார் (1918–2014) நாற்காலி, பெல்ட், கட்டை, சுவர், கயிறு எல்லாவற்றையும் ஆசானாக்கினார். முன்னதிலிருந்து ஒரு ஒழுங்கு கிடைக்கிறது: இன்று எது வரை போகலாம் என்பதை ஆசை தீர்மானிக்காது. பின்னதிலிருந்து நம் கேள்விக்கே பதில் கிடைக்கிறது. பார்க்க ஆள் இல்லாத இடத்தில், தொட்டுச் சொல்ல ஒரு பொருள் இருக்கும்.

சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். உஷ்ட்ராசனத்தைச் சுவரைப் பார்த்து முட்டிபோட்டுச் செய்யுங்கள், முன்தொடையும் அடிவயிறும் சுவரில் ஒட்டியிருக்கட்டும். பின்னால் வளையும்போது தொடை சுவரைவிட்டு விலகிய அந்தக் கணமே இடுப்பு பின்னால் போய்விட்டது என்று பொருள். ஆசிரியர் பத்து முறை சொல்லியும் எனக்குப் புரியாத விஷயம், சுவரிலிருந்து தொடை பிரிந்தபோது ஒரே நாளில் புரிந்தது. சக்ராசனத்தில் முழங்கை அகலுகிறதா? முழங்கைக்குச் சற்று மேலே, தோள் அகலத்துக்கு பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். கை விரிந்தால் பெல்ட் இறுகிச் சொல்லும். மணிக்கட்டு வலிக்கிறவர்கள் இரண்டு கட்டைகளைச் சுவரில் சாய்வாக வைத்து அதன்மேல் உள்ளங்கையை ஊன்றலாம். மணிக்கட்டு முழுதாக மடங்க வேண்டியதில்லை. கட்டை வழுக்காமல் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கையால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

நாற்காலிதான் எனக்கு மிகப் பெரிய துணை. மடக்கு இரும்பு நாற்காலி, முதுகுப்பலகை இல்லாதது. வழுக்காமல் இருக்க அதை மேட்டின் மேலேயே வைக்க வேண்டும். முதுகுச் சட்டத்தின் இடைவெளி வழியாகக் காலை விட்டு, சட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து, இருக்கையின் மேல் மடித்த போர்வை போட்டு, மெல்லப் பின்னால் சாய வேண்டும். இருக்கையின் விளிம்பு எந்த இடத்தில் படுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் கீழ்நுனிக்குச் சரியாக வந்தால், அந்தப் பிடிவாதமான மார்புப் பகுதி வேறு வழியில்லாமல் வளையும். கீழ் முதுகு இருக்கையில் படுத்து ஓய்வாக இருக்கும். நான்கு விரல் கீழே போய்விட்டால் பழையபடி இடுப்பு மடியும். முதல் சில நாள் இரண்டு நிமிடம் போதும். எழும்போது சட்டத்தின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, மார்பை முதலில் தூக்கி, தலையைக் கடைசியாகக் கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டுத் தலையை முதலில் தூக்கினால் கழுத்து சுளுக்கும், தலையும் சுற்றும்.

என் வரிசை இப்போது ஏறக்குறைய ஐம்பது நிமிடம். சுவரில் கை வைத்துத் தோளைத் திறப்பது, ஆஞ்சநேயாசனம் (முன்காலை மடித்து, பின்காலை நீட்டி முட்டி ஊன்றுவது) ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை, பின்காலை மடித்துச் சுவரோடு நிறுத்தி முன்தொடையை நீட்டுவது. இதற்கே இருபது நிமிடம் போய்விடும், போகட்டும். அப்புறம் சலபாசனமும் தனுராசனமும்: இவை கையால் தள்ளாமல் முதுகுத் தசையின் பலத்தால் எழும் ஆசனங்கள் என்பதால் விட்டுவிடக் கூடாதவை. பிறகு நாற்காலி. பிறகு சக்ராசனம் மூன்று, நன்றாக இருந்தால் ஐந்து. கடைசியில் படுத்தபடி மெல்லிய முறுக்கு, முழங்காலை மார்போடு அணைக்கும் பவனமுக்தாசனம், நீண்ட சவாசனம். வாரம் மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளியோடு.

இதன் குறை என்ன என்றால் சோம்பலும் பழக்கமும். யாரும் சொல்லாவிட்டால் பிடித்த ஆசனத்தையே செய்துகொண்டிருப்போம். பிழையும் பழகிப்போய் இயல்பாகத் தோன்றும். அதற்கு நான் வைத்திருக்கும் மருந்து பக்கவாட்டுப் பதிவு. பத்து நாளுக்கு ஒருமுறை உஷ்ட்ராசனத்தையும் சக்ராசனத்தையும் போனில் எடுத்துப் பார்க்கிறேன். பார்ப்பது மூன்றே விஷயம்: மடிப்பு ஓரிடத்தில் விழுகிறதா அல்லது வளைவு பரவியிருக்கிறதா, பாதம் நேராக இருக்கிறதா, மூச்சுக்கு விலா அசைகிறதா. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் அளவுக்கு மீறிப் போய்விட்டோம் என்று அர்த்தம்.

சூடேற்றிய அறையில் செய்யும் வகுப்புகளை வீட்டில் நகலெடுக்க வேண்டாம். அந்த வகுப்புகளில் அறை 40 டிகிரி வரை சூடாக இருக்கும். சூட்டில் உடம்பு இளகிவிடும், எங்கே நிறுத்த வேண்டும் என்கிற எச்சரிக்கை மங்கிவிடும். பார்க்க ஆள் இல்லாத வீட்டில் அந்த எச்சரிக்கைதான் நமக்கு இருக்கும் ஒரே காவல்.

நேரத்தைப் பொறுத்தவரை மாலை எளிது, காலை கடினம். காலையில் முதுகு விறைப்பாக இருக்கும், தயாரிப்புக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். ஆனால் இரவு படுக்கப்போகும் முன் வேண்டாம். இந்த ஆசனங்கள் உடம்பைத் தட்டி எழுப்பிவிடும், பலருக்குத் தூக்கம் வராது.

யாருக்கு எது

சக்ராசனம் இன்னும் வரவில்லை, அல்லது வந்தாலும் தலை தரையைவிட்டு எழவில்லை என்றால், பதிவு வகுப்பைத் தொடவே வேண்டாம் என்பேன். நேரில் ஓர் ஆசிரியரிடம் சில மாதம், வீட்டில் சுவரும் நாற்காலியும். அதுவே நிறைய வேலை.

சக்ராசனம் வசதியாக வருகிறது, வரிசையும் தெரியும், ஆனால் சரியாகச் செய்கிறோமா என்று சந்தேகம் என்றால், வாரம் இரண்டு நாள் சொந்தப் பயிற்சி, ஒருநாள் சிறிய நேரலை வகுப்பு. என்னைக் கேட்டால் இதுதான் மிக நல்ல சேர்க்கை. நேரலையில் கிடைக்கும் ஒரே ஒரு திருத்தத்தை எடுத்துக்கொண்டு அந்த வாரம் முழுதும் சுவரோடு பழகலாம்.

பல வருடம் பழகியவர், உடம்பு பேசுவது புரிகிறவர், புதுமை வேண்டும் என்றால் பதிவு வகுப்பு தாராளமாகச் செய்யட்டும். குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, எண்ணிக்கையைத் தன் மூச்சுக்கு மாற்றிக்கொண்டு.

இன்னும் சிலர் இந்த ஒப்பீட்டுக்கே வரக்கூடாது, முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்: முதுகெலும்பு ஒன்று மற்றொன்றின் மேல் நழுவியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், நரம்புப் பாதை குறுகியவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். மற்றவர்களுக்கும் ஒன்று: முன்தொடையிலும் விலாவிலும் இழுப்பது சரி, தோள் எரிவதும் சரி. கீழ் முதுகில் ஒரு புள்ளியில் கிள்ளுவது, காலில் மின்சாரம் போல ஓடுவது, விரல் மரத்துப்போவது இவை வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாளும் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

நின்றபடி பின்னால் சாய்ந்து கை ஊன்றுவதை மட்டும் எந்த வீடியோவைப் பார்த்தும் தனியாக முதல்முறை முயலாதீர்கள். இடுப்பைப் பிடித்துக்கொள்ள அறிந்த ஒருவர் முன்னால் நிற்கும்போது கற்றுக்கொள்ள வேண்டியது அது. அதுவரை வீட்டில் சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு கை நீளம் தள்ளி நின்று, கைகளால் சுவரில் ஒவ்வோர் அடியாக இறங்குங்கள். தொப்புள் உயரம் வரை இறங்கி, மூச்சு தடைபடாமல் அதே வழியில் திரும்பி ஏற முடிகிற நாள்வரை, அதற்குக் கீழே போகாதீர்கள்.